வரிசை எண் 117

ஒருவருக்கு மூன்று நிமிடம்.
பச்சை, மஞ்சள், சிவப்பு.
விளக்கின் பொத்தான் என் விரலடியில்.

பகலில் நான் லோரிங் ஃபால்ஸ் நகராட்சியில் துணை எழுத்தர்,
பெயர் ஓடெட் மிஷோ.
செவ்வாயும் வியாழனும் இருட்டிய பிறகு
மெய்ன் மாநிலத்துப் பனியில் எழுபது மைல் ஓட்டிப்போய்
பொது நிர்வாகம் படிக்கிறேன்,
நாற்பத்தொரு வயதில்,
என்னைவிட என் கார் களைத்த நிலையில்.

அன்றைய பொருள்: சேறு.
காகித ஆலைக் கழிவும் எங்கள் கழிவறைகளும்
சுத்திகரிப்பு நிலையத்தில் கலந்து, வடிந்து, எஞ்சியது.
உரம் என்று சொல்லி இலவசமாய்க் கொடுத்தோம்
இருபது ஆண்டுகள்.
இப்போது அது மண்ணில், கிணற்றில்,
கன்று ஈனாத பசுவின் இரத்தத்தில்,
அழியத் தெரியாத ஒரு வேதிப்பொருளாக.

கருத்துக் கேட்புக் கூட்டம்.
ஒருத்தி கிணற்றைச் சொன்னாள். ஒருவன் வரியைச் சொன்னான்.
ஆலையின் வழக்கறிஞர்
இரண்டு நிமிடம் ஐம்பத்தெட்டு நொடியில் முடித்து
தண்ணீர் குடித்தார் (போத்தலில் கொண்டுவந்தது).

நூற்றுப்பதினேழாவது ஆள் வெண்டல் க்ரோக்கெட்.
பால் பண்ணைக்காரர்.
தொப்பியைக் கழற்றினார்.
மூடியிட்ட கண்ணாடிக் குடுவையை மேசையில் வைத்தார்.
பால்.
ஒலிவாங்கியை வாய்க்கு நேராக உயர்த்திக்கொண்டார்,
பேசப்போகிறவர் போல.

பச்சை.
வெப்பக்குழாய் டொக் டொக்கென்றது.
பச்சை.
யாரோ இருமினார்கள், பிறகு இருமலை விழுங்கினார்கள்.
மஞ்சள்.
அவர் எங்களைப் பார்க்கவில்லை, குடுவையையும்.
சிவப்பு.
மணியை அடித்தேன். விதி அது.
'நன்றி, திரு க்ரோக்கெட்.'
தொப்பியை மாட்டிக்கொண்டு போனார்.
குடுவை இருந்தது.

நடவடிக்கைக் குறிப்பில் எழுதினேன்: கருத்து எதுவுமில்லை.

அந்தக் கூட்டமே என் ஆய்வேடு.
இருநூற்றுப்பன்னிரண்டு குரல்களைத் தட்டச்சிட்டு
ஒவ்வொன்றுக்கும் நிறம் பூச வேண்டும்:
நீலம் உடல்நலம், ஆரஞ்சு சொத்து மதிப்பு,
ஊதா நிறுவனத்தின் மீது அவநம்பிக்கை.
117க்கு எதிரே மென்பொருளின் சுட்டி
சிமிட்டிக்கொண்டே இருந்தது.
'விடுபட்ட தரவு. நீக்கிவிடுங்கள்' என்றது ஆய்வுக் குழு,
கனிவாகத்தான்.

நீக்கப் போனவள்
பழைய கோப்பொன்றைத் திறந்தேன்.
முதல் பருவத்தில் நான் எழுதிய கட்டுரை:
'சிறு நகராட்சிகளில் செலவுக் குறைப்பு.'
சேறு பரப்பும் திட்டத்தைப் புகழ்ந்திருந்தேன்.
ஆண்டுக்கு எத்தனை டாலர் மிச்சம் என்று அழகான ஒரு வரைபடம்.
நட்டமடைந்தோர் என்ற தலைப்பின் கீழ் ஒரே சொல்: இல்லை.
உயர் மதிப்பெண் வாங்கிய அந்த 'இல்லை'
என் நடவடிக்கைக் குறிப்பின் 'இல்லை'க்கு
கூடப்பிறந்தது.

வகுப்பில் அதைச் சமநிலை என்போம்.
எல்லாத் தரப்பையும் ஒரே மேசையில் உட்கார வைப்பது.
பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன்;
இங்கே பூனையும் குடிக்காது இந்தப் பாலை.

மறுபடி தட்டச்சிட்டேன்:
117. மூன்று நிமிடம். நின்றார்.
நிறம் கேட்டது மென்பொருள்.
வெள்ளை அதன் பட்டியலில் கிடையாது.
குழு இன்னும் பதில் அனுப்பவில்லை.

குடுவை நகராட்சிக் குளிர்பெட்டியில் இருக்கிறது,
என் மதிய உணவுக்குப் பின்னால், ஐந்தாவது வாரமாக.
வாங்கிக்கொள்ள எந்தத் துறையும் முன்வரவில்லை.
மாநிலத்தில் கேட்டேன், படிவ எண் கேட்டார்கள்.
நேற்று மாலை எல்லோரும் போனபின்
அதைக் கையிலெடுத்துக் கைகழுவும் தொட்டிவரை போனேன்.
மூடியில் விரல் வைத்தபோதுதான் உறைத்தது:
இந்தத் தொட்டி எங்கே வடிகிறது,
வடிந்தது எங்கே சேறாகிறது,
அந்தச் சேற்றை எந்தப் புல் தின்னும்.

திரும்ப வைத்துவிட்டேன்.
குளிர்பெட்டி விளக்கு, கதவை மூடும்வரை,
எரிந்துகொண்டிருந்தது.
அதற்குப் பொத்தான் என்னிடம் இல்லை.